ஒன்பது கடிகாரமும் ஒரு வெள்ளாடும்

இஸ்மே கட்ஜோவின் வீட்டில் அறை ஒன்றரை, நாற்காலி இரண்டு, கடிகாரம் ஒன்பது. தீவின் தலைநகரான செயின்ட் ஜார்ஜஸில் கவர்னர் மாளிகையில்கூட இத்தனை கடிகாரம் கிடையாது. ஒன்பதும் ஒன்பது நேரம் காட்டின. "எந்நேரமானாலும் இதுல ஏதாவது ஒண்ணு சரியாத்தான் சொல்லிட்டிருக்கும்" என்பாள் அவள் அம்மா ஃபிலோ. எந்த ஒன்று என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அத்தனையும் இஸ்மே ஓடி ஜெயித்தவை. பதினாறு வயதில், ஓர் ஈஸ்டர் திங்கட்கிழமை, சந்தையில் விற்காமல் மிஞ்சிய கிழங்குக் கூடையைக் குயின்ஸ் பார்க் மைதானத்தின் வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு, பெண்கள் நூறு கஜ ஓட்டத்தில் போய் நின்றாள். காலில் ஒன்றுமில்லை, பாவாடையை அள்ளி இடுப்பில் செருகியிருந்தாள். மற்றவர்கள் பாதி தூரம் வருவதற்குள் அவள் ஓடி முடித்துத் திரும்பி வந்து, கூடையில் கிழங்கு சரியாக இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தாள் என்று சந்தைக்காரிகள் சொல்வார்கள். சந்தைக்காரிகள் எதையும் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார்கள். பிறகு இறங்குவதற்கு இடம் வேண்டுமே. ஆனால் அதற்கப்புறம் ஆறு வருஷம் அந்தத் தீவில் அவளை யாரும் முந்தவில்லை என்பதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

போட்டிகளை நடத்தியது தீவு அமெச்சூர் தடகளச் சங்கம். தலைவர் கர்னல் வின்ஸ்லோ, கோகோத் தோட்டக்காரர்; கூட்டங்களில் தூங்குவதற்கென்றே மெத்தை போட்ட நாற்காலி வைத்திருந்தார். பொருளாளர் பாதிரியார் கிம்பர். செயலர் எவரார்ட் டெல்மார், சுங்க அலுவலகத்துத் தலைமை குமாஸ்தா, வெயிலிலும் கழுத்துப்பட்டை அவிழ்க்காதவர். சங்கம் என்றால் நடைமுறையில் அவர்தான்.

ஜெயித்த ஆண்களுக்கு வெள்ளிக் கோப்பை. பெண்களுக்குக் 'குடும்பத்துக்கு உபயோகமான பொருள்' என்று சங்கத் தீர்மானம் இருந்தது. ஓடுகிற பெண் கடைசியில் குடும்பத்தில்தான் போய் நிற்கப்போகிறாள், வெறுங்கையோடு போகக் கூடாது என்ற கரிசனம். வெண்ணெய்த் தட்டு தரலாம், மீன் வெட்டும் கத்தி தரலாம். ஆனால் டெல்மாரின் மைத்துனர், கெரனாஜ் என்கிற துறைமுகத் தெருவில் கடிகாரக் கடை வைத்திருந்தார். ஆகவே தீவில் வேகமாக ஓடிய பெண்கள் எல்லாரும் கடிகாரக்காரிகள் ஆனார்கள்.

இதில் ஒரு கொடுமை. ஒன்பது கடிகாரம் ஜெயித்தவளுக்குத் தான் எத்தனை நொடியில் ஓடுகிறோம் என்பது மட்டும் தெரியாது.

நேரம் பார்க்க மூன்று பேர் நிற்பார்கள். கர்னல் பொத்தானை அழுத்திவிட்டு, ஓட்டத்தைப் பார்க்கிற சுவாரசியத்தில் நிறுத்த மறந்துவிடுவார். டெல்மார் இரண்டாவதாக வரும் தன் மகள் டாஃப்னியையே பார்த்துக்கொண்டிருப்பார். மிச்சம் பாதிரியார். ஒருமுறை அவர் கையில் பதினொன்றே கால் நொடி விழுந்தது. மனிதர் கடிகாரத்தை உதறினார், காதில் வைத்துப் பார்த்தார். "பெண்பிள்ளை பதினொண்ணுல வர்றதாவது? முள் சிக்கிருக்கு" என்று சொல்லிப் பன்னிரண்டு என்று எழுதினார். அன்றிலிருந்து இஸ்மே மழையில் ஓடினாலும் பன்னிரண்டு, காய்ச்சலோடு ஓடினாலும் பன்னிரண்டு. பகல் முழுக்க ஜாதிக்காய்க் கிடங்கில் நல்ல கொட்டை, சொத்தைக் கொட்டை பிரிக்கிற வேலை அவளுக்கு. ஒரு கொட்டையைக் கையில் எடுத்ததுமே அதன் எடை சொல்லிவிடுவாள். தன் எடை தனக்குத் தெரியவில்லையே என்பது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் வருஷம் அதற்கு ஒரு வழி பிறந்தது. டிரினிடாடில், போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்தில், தீவுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு போட்டி. அங்கே ஒரு ஓட்டத்துக்கு ஆறு பேர் நேரம் பார்ப்பார்களாம். ஆறு பேரும் விழித்திருப்பார்களாம். நேரத்தை ஒலிபெருக்கியில் சொல்வார்களாம். சங்கம் அனுப்பப்போகிற அணியில் பெண்ணுக்கு ஒரே ஓர் இடம்.

"ஒரு தடவை போதும் மா," என்றாள் இஸ்மே. "என் நொடி என்னன்னு தெரிஞ்சா போதும். அப்புறம் வாழ்நாள் பூரா கொட்டை பிரிக்கிறேன்."

"ஜெயிக்க வேணாமா உனக்கு?"

"ஜெயிச்சா இன்னொரு கடிகாரம் குடுப்பாங்க. வைக்க இடமில்ல."

அந்த இடத்துக்குத் தகுதிப் போட்டி ஏப்ரலில் நடந்தது. ஓடியவர்கள் ஐந்து பெண்கள். ஆறாவதாக ஒருத்தி கணக்கில் இல்லாமல் ஓடினாள். அவள் பெயர் டச்சஸ், ஃபிலோவின் வெள்ளாடு.

இஸ்மே எங்கே ஓடினாலும் டச்சஸுக்கு அவள் பின்னாலேயே ஓடியாக வேண்டும். துப்பாக்கி வெடித்ததும் வேலியில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு, நாலாவது தடத்தில் புகுந்து, காது இரண்டும் பின்னால் படிய, ஒரே நேர்கோட்டில் ஓடியது. இஸ்மே முதலில் வந்தாள். ஆடு இரண்டாவது வந்தது. டாஃப்னி டெல்மார் மூன்றாவது.

வேலியோரம் நின்ற சந்தை மொத்தமும் தொப்பியை வீசியது. "டச்சஸ் ரெண்டாவது! ஆட்டுக்கும் ஒரு கடிகாரம் குடுங்கய்யா!"

டாஃப்னியே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதவர் ஒருவர்தான். டெல்மார் மெதுவாக வேலியருகே நடந்து வந்தார்.

"யாருடைய ஆடு இது?"

புத்தி உள்ளவள் வாயை மூடிக்கொண்டிருப்பாள். ஃபிலோவுக்குப் புத்தி நிறைய உண்டு. ஆனால் சந்தையில் முப்பது வருஷம் சரக்கைத் தூக்கிக் காட்டிக் கூவியவளுக்கு, நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தன் சரக்கைப் புகழாமல் இருக்க முடியுமா?

"என்னுது சார்! சும்மா ஆடுன்னு நினைச்சிராதீங்க. எம் மக ஓடி ஜெயிச்ச ஆடு! ஒரு கடிகாரத்தைக் குடுத்து வாங்கினது!"

பக்கத்தில் நின்ற சந்தைக்காரி ஃபிலோவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். டெல்மார் சட்டைப்பையிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அன்பாக, "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. சங்க விதி பதினொன்றின்படி, ஓடுபவர் தம் ஓட்டத்தால் எந்த ஆதாயமும் அடையலாகாது. பரிசை விற்றவர், மாற்றியவர் அமெச்சூர் அல்லர், தொழில்காரர். தொழில்காரர் போட்டிக்குப் போக முடியாது. 'ஒரு வெள்ளாட்டைக் குறித்து' வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு விசாரணை.

"அமெச்சூர்னா என்னடி?" என்றாள் ஃபிலோ.

"சும்மா ஓடுறவங்க மா."

"அப்ப நீ இதுவரைக்கும் என்ன பண்ண?"

ஆட்டின் கதை இதுதான். ஐம்பத்தொன்றாம் வருஷத்து ஈஸ்டர் பரிசு பித்தளை மூடி போட்ட மேஜைக் கடிகாரம். தினமும் நாலு இருபதுக்கு நின்றுவிடும். தட்டினால் மறுபடி ஓடும். கரியாக்கூ தீவிலிருந்து பாய்மரக் கப்பல் ஓட்டி வருகிற கேப்டன் ஈனோக்குக்குத் தன் அறைக்கு ஒரு கடிகாரம் வேண்டியிருந்தது. ஃபிலோ காலை பத்து மணிக்குப் பேரத்தைத் தொடங்கினாள், கடிகாரம் ஜம்மென்று ஓடியது. மூன்று மணிக்குள் முடித்து அனுப்பிவிட்டாள். கேப்டன் மட்டும் இளைத்தவரா? வேளைக்கு இரண்டு சேர் பால் கறக்கும் என்று அவர் சத்தியம் செய்து கொடுத்த டச்சஸ், இன்றுவரை ஒரு சொட்டுப் பால் தரவில்லை. இரண்டு பேரும் ஏமாற்றியதால் இரண்டு பேருக்கும் மனத்திருப்தி. அடுத்த பயணத்தில் துறையில் பார்த்துக்கொண்டபோது இருவரும் மற்றவர் சரக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

கதையில் இன்னொரு மடிப்பும் இருந்தது. அது இஸ்மேவுக்கு மட்டும் தெரியும். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மணி நேரத்தில் சந்தை முழுவதும் தெரிந்துவிடும். ஊரே வைத்திருக்கிற சரக்கை யார் வாங்குவார்கள்?

புதன்கிழமை சாயங்காலம், கிடங்கு வாசலில் டாஃப்னி காத்திருந்தாள். கையில் ஒரு ஜோடி ஆணிச் செருப்பு, ஓட்டக்காரர்கள் போடுவது.

"இஸ்மே, எப்படியாவது நீயே போயிடு," என்றாள். "எனக்குக் கெரனாஜ்ல நிக்கிற கப்பலைப் பார்த்தாலே குமட்டும். போர்ட் ஆஃப் ஸ்பெயின் வரைக்கும் நான் உயிரோட போய்ச் சேர மாட்டேன்."

"உங்கப்பாகிட்ட சொல்லேன்."

"சொன்னேன். இஞ்சி பிஸ்கட் வாங்கிக் குடுத்திருக்காரு." டாஃப்னி பெருமூச்சு விட்டாள். "நீ ஓடுறதைப் பின்னாலருந்து பார்க்கிறதுதான் நான் ஓடுறதுக்கே காரணம். எனக்கு முன்னாடி ஆளே இல்லாம நான் எங்க ஓடுறது?"

இஸ்மே செருப்பின் ஆணி ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். தனக்கும் ஆறு வருஷமாக அதே குறைதான் என்று சொல்லலாமா என்று யோசித்தாள். பெருமை பேசுகிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை சங்கக் கட்டடத்து மாடி அறை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். கர்னல் ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தார். இந்தப் பக்கம் ஃபிலோ, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு. இஸ்மே, மாவு மூட்டைத் துணியில் தைத்த பையோடு. டச்சஸையும் அழைத்து வர வேண்டும் என்று ஃபிலோ பிடிவாதம் பிடித்து, வாசல் தூணில் கட்டியிருந்தாள். ஜன்னல் வழியாக அவ்வப்போது அதன் வாக்குமூலம் கேட்டது.

டெல்மார் எழுந்து விதி பதினொன்றை வாசித்தார். அமெச்சூர் என்ற சொல்லின் தூய்மையைப் பற்றி, கிரேக்கர்களைப் பற்றி, ஒலிவ இலைக் கிரீடத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்.

"அந்தக் கிரேக்கர்கள்லாம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க சார்?" என்று கேட்டாள் ஃபிலோ.

"அவங்க கனவான்கள். அவங்களுக்கு நிலம் இருந்தது."

"அப்ப ஆடும் இருந்திருக்கும்."

கர்னல் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். டெல்மார் தொண்டையைச் செருமினார். "அம்மா, கடிகாரத்தைக் குடுத்து ஆடு வாங்கினேன்னு நூறு பேர் முன்னாடி சொன்னீங்க. சொன்னீங்களா இல்லையா?"

"சந்தைக்காரி வேலியோரம் கூவுறதை வச்சு வழக்குப் போட்டா, இந்த ஊர்ல எல்லா மாம்பழமும் தேன்தான் சார்." ஃபிலோ தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். முந்தைய நாளெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்து வைத்திருந்த வாதம் அது. "நடந்தது என்னன்னா, கேப்டன் ஈனோக்குக்கு நேரம் பார்க்கக் கடிகாரத்தை இரவல் குடுத்தேன். அன்னிக்கு அவருகிட்ட ரெண்டு மூட்டை உப்பு மீன் வாங்கினேன். மீனுக்குக் கொசுறா ஆட்டைக் குடுத்தாரு. கொசுறு யாபாரம் இல்ல சார். யாரும் விலை வச்சுக் குடுக்கிறதில்ல, அது மனசுல வந்து குடுக்கிறது. பாதிரியாரய்யா சொல்லட்டும். அவர் வீட்டுச் சமையல்காரி வாராவாரம் எங்கிட்ட நாலு கிழங்கு வாங்கிட்டு, ரெண்டு மிளகாயும் ஒரு கொத்துக் கீரையும் கொசுறு இல்லாம நகர மாட்டா. கொசுறு சம்பாத்தியம்னா, ஐயா அத்தனை வருஷமும் எங்கிட்ட சம்பளம் வாங்கியிருக்காரு."

பாதிரியார் கிம்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"ரெண்டு மூட்டை மீனுக்கு ஒரு ஆடு கொசுறா?" என்றார் டெல்மார். "எனக்கு உங்க கடையில ஒரு மிளகாய்க்கு மேல கொசுறு விழுந்ததில்லையே?"

"அது வாங்குறவங்க முகத்தைப் பொறுத்தது சார்."

இம்முறை கர்னல் கண்ணைத் திறந்து சிரித்தார். வழக்கு கைநழுவிப் போவது டெல்மாருக்குப் புரிந்தது. குரலைத் தாழ்த்தினார், சுங்க அலுவலகத்தில், மூட்டையைப் பிரி என்று சொல்லுகிற குரல் அது.

"சரி. இரவல்தானே? இரவல் குடுத்த பொருள் திரும்பி வந்திருக்கணும். ஐம்பத்தொண்ணாம் வருஷத்துப் பரிசுக் கடிகாரத்தை இந்த மேஜை மேல வைங்க. வச்சீங்கன்னா விசாரணை முடிஞ்சது. வைக்கலேன்னாலும் முடிஞ்சது."

ஃபிலோவின் தொப்பி அசையவில்லை. அதன் கீழே முகம் மாத்திரம் சுருங்கியது. கடிகாரம் கேப்டனிடமிருந்து எங்கே போயிற்றோ யாருக்குத் தெரியும்! மேஜைக்கு அடியில் மகளின் கையைத் தேடிப் பிடித்து, "மன்னிச்சிருடி" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

இஸ்மே கையை விடுவித்துக்கொண்டாள். "கொண்டு வந்திருக்கேன் சார்," என்றாள். பையிலிருந்து பித்தளை மூடி போட்ட கடிகாரத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

டெல்மார் அதை ஒரு பார்வை பார்த்ததும் சிரித்துவிட்டார். "பொண்ணே, இது போன வருஷத்துக் கடிகாரம். ராணி முடிசூட்டு விழாப் போட்டிக்கு நானே கையால குடுத்தது. பின்னால தகட்டைப் பாருங்க, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூணு. சங்கத்தை ஏமாத்தப் பார்க்கிறியா?"

"தகட்டைத் தூக்கிப் பாருங்க சார். ரெண்டு ஆணிதான். நான் ஏற்கெனவே தளர்த்தி வச்சிருக்கேன்."

டெல்மார் தூக்கவில்லை. பாதிரியார் தூக்கினார். தகட்டுக்கு அடியில், கடிகாரத்தின் பித்தளை முதுகிலேயே, வழவழப்பான எழுத்தில் பொறித்திருந்தது: ஈஸ்டர் திங்கட்கிழமைப் போட்டி, பெண்கள் நூறு கஜம், முதல் பரிசு, 1951.

முடிசூட்டு விழா முடிந்து பரிசை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று அது நாலு இருபதுக்கு நின்றபோதே இஸ்மேவுக்குச் சந்தேகம் வந்தது. மூலையில் பழைய சொட்டை. கொண்டை ஊசியால் தகட்டை நெம்பிப் பார்த்தாள். கேப்டன் ஈனோக் காலை பத்து மணிக்கு அதைக் கெரனாஜ் தெருக் கடையில் தள்ளியிருக்கிறார். கடை அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி, ஒரு தகட்டை அடித்துச் சங்கத்துக்குத் தள்ளியிருக்கிறது. சங்கம் அவளிடமே தள்ளிவிட்டது. பத்து மாதமாக இதைக் கையிலேயே வைத்திருந்தாள். எதற்கு என்று தெரியாது. என்றைக்காவது ஒரு விலை வரும் என்று மட்டும் தெரியும். ஃபிலோவின் மகள் அல்லவா?

"ஆக, இது அம்பத்தொண்ணுதான்," என்றார் கர்னல். முழுசாக விழித்துவிட்டார். "அப்ப அம்பத்து மூணு எங்கே?"

"இதுவும் அதுதான் சார்," என்றாள் இஸ்மே.

"ஒரே கடிகாரத்தை ரெண்டு தடவ எப்படி ஜெயிக்க முடியும்?"

"ரெண்டு தடவ ஓடினேன் சார்."

பாதிரியார் கிம்பர் கண்ணாடிக்கு மேலாகச் செயலரைப் பார்த்தார். "எவரார்ட், லண்டன்லருந்து புதுசா வந்திறங்கின கடிகாரம்னு உங்க மைத்துனர் ரசீது குடுத்ததா ஞாபகம்."

"பத்து நிமிஷம் இடைவேளை," என்றார் டெல்மார்.

அவர் இஸ்மேயைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கீழே துறையில் பாய்மரக் கப்பல்கள் வாழைக்குலை ஏற்றிக்கொண்டிருந்தன. டெல்மார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"என்ன வேணும் உனக்கு?"

இஸ்மே பதில் சொல்லவில்லை. விலையை முதலில் எதிராளி சொல்லட்டும் என்பது அவளுக்குப் பால்குடி மறக்கும் முன்பே தெரியும்.

"ரிசர்வ் ஆளாப் போயேன். அணியோட போவ, பெஞ்சில உட்காருவ. கௌரவம்தானே?"

இஸ்மே துறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீளத்தாண்டல்ல ஓர் இடம் இருக்கு. நூறு கஜத்துல டாஃப்னி, தாண்டல்ல நீ."

இஸ்மே உள்ளே மேஜைமேல் இருந்த கடிகாரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கர்னல் அதைக் கையில் எடுத்து, குழந்தையைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சரி! நூறு கஜம். நீதான். கடிகாரம் இங்கயே இருக்கும். நீ இதைப் பத்தி வெளியில மூச்சு விடக் கூடாது."

"ஆணிச் செருப்பு," என்றாள் இஸ்மே. முதல் வார்த்தை.

"அதெல்லாம் சங்கம்…"

"அங்க புல் தரை இல்லையாம் சார். கரிச்சாம்பல் தரையாம்."

"டாஃப்னியோடதை எடுத்துக்க."

"முடிஞ்சது சார்," என்றாள் இஸ்மே. டெல்மார் நிம்மதியாக மூச்சு விட்டுக் கதவை நோக்கித் திரும்பினார். "கொசுறு?"

"என்னது?"

"எங்கம்மா வெளியில கேப்பா சார், கொசுறு என்னன்னு. வெறுங்கையோட போய்ச் சொல்ல முடியாது. பார்க் மைதானத்துல டச்சஸ் மேயலாம்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. ஓட்டம் இல்லாத நாள்ல மட்டும்."

அவர் எழுதிக் கொடுத்தார். உள்ளே போய், செல்வி கட்ஜோ பரிசுப் பொருளைச் சமர்ப்பித்துவிட்டபடியால் அவர் மாசற்ற அமெச்சூர் என்று சங்கம் ஏகமனதாகக் கண்டது என அறிவித்தார். இஸ்மே ஓடி வாங்கிய பரிசை அவளே விலைபேசி விற்றது அந்த ஒரே ஒரு தடவைதான். வாங்கியது அமெச்சூர் சங்கம்.

படியிறங்கும்போது ஃபிலோ கேட்டாள். "எவ்வளவுக்கு முடிச்ச?"

இஸ்மே சொன்னாள். சீட்டையும் காட்டினாள். ஃபிலோ அதை வாங்கி, எழுத்து தெரியாவிட்டாலும் மேலும் கீழும் பார்த்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தூணடிக்கு வந்ததும்தான் அகப்பட்டது.

"குட்டிகளுக்கும் சேர்த்து எழுதி வாங்கியிருக்கலாம்."

மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நூறு கஜ இறுதி ஓட்டம். டாஃப்னியின் செருப்பு ஒரு சுற்று சின்னது. முந்தைய நாள் இஸ்மே கத்தியால் முன்பக்கத்தை அறுத்து விரலை வெளியே விட்டுக்கொண்டாள். பக்கத்துத் தடத்தில் ஜமைக்காக்காரி ஒருத்தி, நெட்டை, தன் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பின்னால ஆடு ஏதும் வருமா?" என்று இஸ்மே அவளைக் கேட்டாள்.

"என்ன ஆடு?"

"ஒண்ணுமில்ல."

துப்பாக்கி வெடித்தது. முப்பது கஜத்தில் நாலு பேர் கண்ணிலிருந்து மறைந்தார்கள். அறுபதில் வலப்பக்கம் ஒரு தோள் வந்தது, அப்புறம் ஒரு முதுகு. பிறந்ததிலிருந்து இஸ்மே ஓட்டத்தில் யாருடைய முதுகையும் பார்த்ததில்லை. வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்ட, எலும்பு அசைகிற, நிஜமான முதுகு. இத்தனை வருஷமாகத் தனக்குள் எங்கேயோ மூட்டை கட்டி வைத்திருந்தது அவிழ்ந்த மாதிரி, கால்கள் அவளைக் கேட்காமல் இன்னும் வேகம் எடுத்தன. அந்த முதுகு திரும்பத் தோளாயிற்று. ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது எல்லைக் கயிறு வந்துவிட்டது.

ஒலிபெருக்கி கரகரத்தது. முதலிடம் ஜமைக்கா, பதினொன்று. இரண்டாவது, செல்வி இஸ்மே கட்ஜோ, பதினொன்றும் பத்தில் ஒன்றும்.

சாம்பல் தரையில் அப்படியே உட்கார்ந்துகொண்டாள். தோற்றதற்காக அழுகிறாள் என்று நினைத்து ஜமைக்காக்காரி முதுகில் தட்டிக்கொடுத்தாள். "அடுத்த தடவ ஜெயிச்சுரலாம்டி."

"பதினொண்ணு ஒண்ணு," என்றாள் இஸ்மே. "கேட்டியா? பன்னிரண்டு இல்ல. பதினொண்ணு ஒண்ணு!"

ஊர் திரும்பியதும் சங்கம் வரவேற்பு வைத்தது. போலீஸ் வாத்தியக் குழு வாசித்தது. பாதிரியார் கிம்பர், டிரினிடாடில் காற்று பலமாக அடித்திருக்க வேண்டும் என்று குறிப்பிட்டு, தீவின் பதிவேட்டில் பதினொன்றரை என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். அது அவர் தரப்பில் பெரிய விட்டுக்கொடுத்தல். இஸ்மே புன்னகையோடு ஏற்றுக்கொண்டாள். தன் எடை தனக்குத் தெரிந்த பிறகு தராசுக்காரனோடு என்ன சண்டை? டெல்மார் கனவான்களின் விளையாட்டைப் பற்றிப் பேசி, தீவின் புகழைக் கடல் தாண்டிக் கொண்டுபோன வீராங்கனைக்குச் சங்கத்தின் விசேஷ அன்பளிப்பு என்று சொல்லி, வெள்ளிக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டியைக் கொடுத்தார். கொடுக்கும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பிரித்தாள். புது மெருகு, புது நீல அட்டைப் பெட்டி, பின்னால் 1954 என்று புதுத் தகடு; தகட்டுக்கு இம்முறை நாலு ஆணி. மூலையில் அதே சொட்டை. ஃபிலோ சாவி கொடுத்து அலமாரியில் வைத்தாள். இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப்போட்டு, கோகோவை ஊதிக் குடித்தபடி, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலு இருபதுக்கு நின்றது.

ஃபிலோ குவளையைக் கீழே வைத்தாள்.

"கேப்டன் ஈனோக் எப்ப வர்றாரு?"

"வெள்ளிக்கிழமை மா. காலையில."

"பத்து மணிக்குத் துறைக்குப் போயிருவோம்," என்றாள் ஃபிலோ. "டச்சஸ் ஒத்தையா நிக்குது. ஒரு கிடா வேணும்."